கொடி கட்ட இடமில்லாத வீடுகள்

பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் சொந்த ஊர் குன்றத்தூர். இன்றைய கணக்கில் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகளுக்கு அது பக்கத்து ஊர். 12ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய அறுபத்துமூவரில் ஒருவர் காஞ்சிபுரத்துச் சலவைத் தொழிலாளி, திருக்குறிப்புத் தொண்டர். அடியார்களின் துணிகளை வெளுத்துக் கொடுப்பதே அவருடைய தொண்டு. ஒரு குளிர்கால நாளில் அழுக்குக் கந்தையோடு ஒரு கிழவர் வருகிறார். துவைக்கக் கொடுக்கும்போதே நிபந்தனையும் போடுகிறார்: குளிர் தாங்காது, பொழுது சாய்வதற்குள் உலர்த்திக் கொடுத்துவிட வேண்டும். தொண்டர் துணியை வாங்கிக்கொண்டு துறைக்குப் போகிறார். அழுக்கு போய்விடுகிறது. உலர்த்த வேண்டிய நேரத்தில் மழை பிடித்துக்கொள்கிறது, விடவே இல்லை. சூரியன் இறங்குகிறது. சொன்ன சொல் தவறிவிட்டதே என்று துணி துவைக்கும் கல்லிலேயே தலையை மோதிக்கொள்ளப் போகிறார். கல்லிலிருந்து எழுந்த இறைவனின் கை தடுக்கிறது.

பக்தர்களுக்கு இது அன்பின் கதை. வீட்டில் துணி துவைப்பவர் யாரும் இதை வேறுவிதமாகவும் படிப்பார். ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால் நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் அது. துவைப்பது நம் கையில் இருக்கிறது, காய்வது வானத்தின் கையில். 900 ஆண்டுகளில் முதல் பாதிக்கு இயந்திரம் வந்துவிட்டது. இரண்டாவது பாதி அப்படியே நிற்கிறது.

அந்த நாயனாரின் ஊரிலிருந்து சென்னைக்கு வரும் நெடுஞ்சாலையில், சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில், 2007இல் சாம்சங் தொழிற்சாலை வந்தது. தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, வாஷிங் மெஷின் மூன்றும் அங்கே உற்பத்தியாகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1996இல் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியதும், 2006இல் நோக்கியா உற்பத்தி தொடங்கியதும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் வந்ததும் ஊரறிந்தவை. தொழிற்சாலைகள் வந்த வேகத்தில் வீடுகளும் வந்தன. நெல் விளைந்த நிலத்தில் லைன் வீடுகள், அதற்குப் பின்னால் மூன்று மாடி வாடகைக் கட்டடங்கள், ஒரகடம் பக்கம் வானுயர அடுக்ககங்கள். இந்த வீடுகளை வெளியிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது துணிதான். நடைபாதைக் கைப்பிடியில், ஜன்னல் கம்பியில், நிறுத்தி வைத்த பைக்கின் இருக்கையில், தண்ணீர்த் தொட்டியின் மேல். கட்டியவர்கள் படுக்கவும் சமைக்கவும் குளிக்கவும் இடம் யோசித்திருக்கிறார்கள். துணியை யோசிக்கவில்லை.

வாஷிங் மெஷின் வாங்கும் குடும்பம் முதலில் கேட்பது, ‘இதை எங்கே வைப்பது?’ என்றுதான். குளியலறையா, பால்கனியா, சமையலறை மூலையா, மொட்டை மாடியா? அந்தக் கேள்வியை மறுமுனையிலிருந்து கேட்டால் பாதிச் சிக்கல் தீரும் என்பது என் கட்சி. துணி எங்கே காயும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். தண்ணீர் எங்கே போகும் என்பது அடுத்து. மெஷின் அதற்குப் பிறகு.

பழைய ஏற்பாட்டில் இந்த வரிசை சரியாகவே இருந்தது. காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதி ஏரிகளின் நாடு. செம்பரம்பாக்கம், பிள்ளைப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் என்று பெரிய ஏரிகளும், ஊருக்கொன்றாகச் சிறிய ஏரி, தாங்கல்களும் உண்டு. கரையில் வண்ணாந்துறை. உவர்மண் போட்டு ஊறவைத்து, வெள்ளாவிப் பானையில் நீராவி ஏற்றி, கல்லில் அடித்து, அலசி, வெட்டவெளியில் விரிப்பார்கள். இதில் அதிக இடம் கேட்பது விரிப்பதுதான். தண்ணீரும் வெயிலும் வெளியும் ஒரே இடத்தில் கிடைக்கும் இடமே துறையானது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இது தெரிந்திருந்தது. துணி வாணிபத்துக்காக 1734இல் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கியபோது நெசவாளர், நூற்பவர், துணியில் வண்ணம் தீட்டுபவரோடு சலவைக்காரரையும் கொண்டுவந்து குடியேற்றியது. ஏற்றுமதித் துணியை வெளுத்தவர்கள் வாழ்ந்த பகுதிதான் வண்ணாரப்பேட்டை. சென்னையின் வரைபடத்தில் சலவைக்கு ஒரு பேட்டையே இருந்த காலம் அது.

இதைப் பழம்பெருமையாகச் சொல்லிவிட்டு நகர முடியாது. துறை ஊருக்கு வெளியே இருந்ததற்குத் தண்ணீர் மட்டும் காரணமல்ல. அழுக்கும் தீட்டும் வீட்டுக்கு வெளியே, இன்னொருவர் கையில் இருக்க வேண்டும் என்ற சாதிக் கணக்கு அதில் இருந்தது. கூலி அறுவடையில் அளக்கும் தானியமாகவும், வீட்டுவாசலில் வாங்கும் சோறாகவும் இருந்தது. தலித் குடும்பங்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார், ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் ஒடுக்கப்பட்டவர்களாக வைக்கப்பட்டார்கள். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தபோதுதான் அந்த வாழ்க்கை தமிழ் வாசகர்கள் பலருக்கு முதன்முதலாகத் தெரிந்தது. அவர்களுக்கென்று அரசு நலவாரியம் அமைத்தது 2009இல். துணி துவைப்பதை வீட்டுக்குள் கொண்டுவந்த இயந்திரத்தைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும், இந்தக் கணக்கை உடைத்ததில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறக்கக் கூடாது.

வீட்டிலேயே துவைத்தவர்களுக்குக் கொல்லைப்புறம் இருந்தது. கிணற்றடியில் ஒரு துவைக்கிற கல், அதிலிருந்து ஓடும் தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும், வேப்பமரத்திலிருந்து சுவர் ஆணிவரை ஒரு கொடி. தண்ணீர் வரவும் போகவும் துணி காயவும் பத்தடிக்குள் எல்லாம் முடிந்தது. அங்கே குனிந்து நிமிர்ந்தவர் யார் என்று கேட்காமல் அந்தக் கொல்லையை அழகாக வர்ணிப்பவர்களை நான் நம்புவதில்லை. ஆனாலும் வீட்டின் பின்பக்கத்துக்கு ஒரு வேலை இருந்தது, அந்த வேலைக்கு ஓர் இடமும் இருந்தது.

அடுக்குமாடி வந்ததும் முதலில் போனது அந்தப் பின்பக்கம்தான். சமையல் உள்ளே வந்துவிட்டது, கழிப்பறை உள்ளே வந்துவிட்டது, கிணற்றடி மட்டும் வர முடியவில்லை. கல் குளியலறைக்குள் சுருங்கிப் பிறகு பிளாஸ்டிக் பிரஷ் ஆனது. 1980களின் பிற்பகுதியில் டிவிஎஸ் குழுமமும் அமெரிக்காவின் வேர்ல்பூலும் கூட்டுச் சேர்ந்து புதுச்சேரியில் வாஷிங் மெஷின் தயாரிக்கத் தொடங்கின. மற்ற நிறுவனங்களும் அதே காலத்தில் இறங்கின. அந்தக் காலத்து நடுத்தர வீடுகளுக்கு வந்தது பெரும்பாலும் இரட்டைத் தொட்டி செமி ஆட்டோமேட்டிக். ஒரு பக்கம் துவைக்கும், மறுபக்கம் பிழியும். அதற்கு அடியில் சக்கரம் இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வீட்டில் எனக்கென்று இடம் கிடையாது என்று தெரிந்து செய்த பொருள் அது. தேவைப்படும்போது குளியலறை வாசலுக்கு உருட்டி வந்து, வாளியால் தண்ணீர் ஊற்றி, வேலை முடிந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் உருட்டிவிடலாம். மேலே ஒரு துணியைப் போர்த்தினால் அயர்ன் பாக்ஸ் வைக்கும் மேஜை. இன்றும் இந்த வகை விற்பதற்கு விலை மட்டும் காரணமல்ல, நம் வீடுகளின் வரைபடமும் காரணம்.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூல் ஒன்றில் ஒரு சங்கடமான உண்மையைச் சொன்னார். இயந்திரம் வருவதற்கு முன் வசதியுள்ள வீடுகளின் துணி சலவைக்காரிக்கோ சலவை நிலையத்துக்கோ போய்க்கொண்டிருந்தது. இயந்திரம் அதை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து குடும்பத் தலைவியின் தலையில் வைத்தது. அதோடு, வாரம் ஒருமுறை மாற்றிய சட்டை தினமும் மாறத் தொடங்கியது. உழைப்பு எளிதானது, வேலை குறையவில்லை. நம் பக்கத்திலும் கதை ஏறக்குறைய அதேதான். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். அந்த 289க்குள் துணிக்காகப் போகும் நேரத்தில் மெஷினில் போடுவது சில நிமிடங்கள்தான். ஈரத்துணியைச் சுமந்து இரண்டு மாடி ஏறுவதும், தூறல் விழுந்ததும் ஓடிப்போய் அள்ளுவதும், மறுபடி விரிப்பதும், மடிப்பதும் மீதி.

தமிழ்நாட்டு அரசியலும் இந்த இயந்திரத்தைத் தொட்டிருக்கிறது. 2006இல் திமுக வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011இல் அதிமுக மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. 2021 தேர்தல் அறிக்கையில் குடும்பத்துக்கொரு வாஷிங் மெஷின் என்று அதிமுக அறிவித்தது. ஆட்சி மாறியதால் அது அறிக்கையோடு நின்றது. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். டிவிக்கும் மிக்சிக்கும் ஒரு பிளக் போதும். மெஷினுக்குக் குழாய் வேண்டும், வடிகால் வேண்டும், சமமான தரை வேண்டும். பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் மிக வறியோருக்கான வீட்டின் பரப்பு 30 சதுர மீட்டர், அதாவது 320 சதுர அடிக்குச் சற்று மேல். அந்த வீட்டில் இரண்டுக்கு இரண்டடி தரையை ஒரு மெஷினுக்குக் கொடுப்பதென்றால் யாருடைய பாயை நகர்த்துவது? சமூகநீதி பேசும் கட்சிகள் அத்தனையும் இந்தக் கேள்வியைக் கட்டடப் பொறியாளரிடம் விட்டுவிட்டன. பொறியாளர் அதைக் குடியிருப்பவரிடம் விட்டுவிட்டார்.

சரி, மெஷின் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இங்கேதான் பலரும் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு ஏமாறுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

முதல் விஷயம் தண்ணீரின் அழுத்தம். நம் ஊரில் குழாய்த் தண்ணீரின் வேகம் மொட்டை மாடித் தொட்டியின் உயரத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். முழு தானியங்கி மெஷின்கள் பல குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை கேட்கின்றன. அதாவது மெஷினின் குழாய்க்கு மேலே 3 முதல் 5 மீட்டர் உயரத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். தரைத்தள வீட்டுக்கு இது தாராளம். தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் கடைசி மாடி வீட்டுக்குத்தான் பற்றாக்குறை. தண்ணீர் நூலாக விழும், மெஷின் காத்திருந்து பார்த்துவிட்டு எச்சரிக்கை ஒலி எழுப்பி நின்றுவிடும். மெஷின் கெட்டுவிட்டதென்று மெக்கானிக்கை வரவழைப்பார்கள். மொட்டை மாடியிலேயே, தொட்டிக்குப் பக்கத்தில் ஷெட் போட்டு மெஷினை வைப்பவர்களுக்கும் இதே கதிதான். காயப்போடும் இடம் பக்கத்திலேயே என்ற யோசனை அருமையானது. ஆனால் தொட்டியைக் கட்டைச் சுவர் எழுப்பி உயர்த்தாமல், அல்லது சிறிய பிரஷர் பம்ப் வைக்காமல் அது நடக்காது.

அடுத்தது கழிவுநீர். பம்ப் உள்ள மெஷினின் வெளியேற்றும் குழாயை இடுப்புயரம் தூக்கிக் கட்டச் சொல்கிறார்கள். அதைத் தரையில் போட்டால் துவைத்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் தானாக உறிஞ்சிக்கொண்டு வெளியே போய்விடும். பம்ப் இல்லாத செமி ஆட்டோமேட்டிக்குக்கு நேர்மாறு, குழாய் தரையோடு கிடக்க வேண்டும். வாடகை வீடுகளில் நீங்கள் பார்க்கும் காட்சி இரண்டுக்கும் பொருந்தாது: மெஷின் ஹாலில், குழாய் கதவிடுக்கு வழியே குளியலறைக்குள், நடுவில் தாத்தா தடுக்கி விழும் பாதை.

தரையைப் பற்றி யாருமே பேசுவதில்லை. ஃப்ரன்ட் லோடு மெஷின் ஒன்றின் எடை 60, 70 கிலோ. அதில் கணிசமான பங்கு அதிர்வை அடக்குவதற்காக உள்ளே வைத்த கான்கிரீட் அல்லது இரும்புப் பாளம். நிமிடத்துக்கு 1,200, 1,400 சுற்றுகள் சுழலும் டிரம் அதற்குள். பில்டர் ‘யூட்டிலிட்டி’ என்று காட்டும் இடத்தின் தரையோ வடிகாலை நோக்கிச் சரித்துப் போட்டது. தண்ணீர் ஓடுவதற்கு அந்தச் சரிவு வேண்டும், மெஷினுக்கு அதுவே விரோதி. சரிவான தரையில், சக்கரம் வைத்த ஸ்டாண்டின் மேல் நிற்கும் மெஷின் பிழியும்போது நடக்க ஆரம்பிக்கும். மட்டம் பார்த்துக் கட்டிய நான்கங்குல மேடை ஒன்று போதும். வீடு கட்டும்போது கொத்தனாருக்கு அது அரைநாள் வேலைகூட இல்லை.

தண்ணீரின் தரமும் இடத்தைத் தீர்மானிக்கும். இந்திய தர நிர்ணயத்தின்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. போர் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருக்கும் இந்தப் பகுதியில், சோப்பு நுரைக்காத வீடுகள் எவை என்று துவைப்பவருக்கே தெரியும். வெந்நீர் போடும் மெஷினின் ஹீட்டரில் வெள்ளைப் படிவு ஏறும். வடிகட்டியை மாதத்துக்கொரு முறை திறந்து கழுவ வேண்டும். ஆனால் மெஷினைச் சுவரோடு சுவராக, முன்பக்கம் கதவு இடிக்கும்படி வைத்துவிட்டால் கீழே இருக்கும் வடிகட்டியை எவரும் திறப்பதில்லை.

குளியலறையில் வைப்பதை நான் எதிர்க்கிறேன். நம் குளியலறை முழுத் தரையும் நனையும் இடம். வாளியில் மொண்டு ஊற்றிக் குளிக்கும் வீட்டில் மெஷினின் அடித்தகடு இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிகம். பவர் பிளக்கும் ஈரமும் ஒரே அறையில் இருக்கும் ஆபத்து அதைவிடப் பெரியது. பிரிட்டனில் குளியலறைக்குள் ஷேவர் பிளக்கைத் தவிர மற்றவற்றுக்கு ஏறக்குறைய இடமே கொடுப்பதில்லை. அங்கே மெஷின் சமையல் மேடைக்கு அடியில் போய் உட்கார்ந்தது இதனால்தான். வேறு வழியே இல்லாமல் குளியலறையில் வைப்பவர்கள் ஏர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கசிவு மின்சாரத்தை உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கரைப் பொருத்திக்கொள்ளாமல் சுவிட்சைப் போடக் கூடாது.

வாஸ்து நிபுணர்கள் வடமேற்கு, அதாவது வாயு மூலை என்கிறார்கள். வேறு சிலர் தென்கிழக்கு என்கிறார்கள். பழைய வாஸ்து நூலான மயமதத்துக்கு வாஷிங் மெஷின் தெரியாது. ஆகவே இரண்டு தரப்பும் சுதந்திரமாகப் பேசலாம். காற்று வரும் மூலையில் வையுங்கள் என்ற அளவில் முதல் தரப்போடு எனக்குச் சண்டையில்லை.

இந்தத் தொழிற்சாலைகள் இருக்கும் பகுதியில் கொரிய, ஜப்பானிய மேலாளர்கள் பலர் குடியிருக்கிறார்கள். அவர்கள் ஊர்களில் இந்தக் கேள்வி எப்போதோ வரைபடத்துக்குள் போய்விட்டது. கொரிய அடுக்ககங்களில் சமையலறைக்குப் பின்னால் வடிகாலோடு கூடிய ஒரு சிறு வராந்தா இருக்கும், மெஷின் அங்கே. கடும் குளிரில் வடிகால் குழாய் உறைந்து கீழ்வீட்டுக்குள் தண்ணீர் பொங்கும் என்பதால், சில நாட்களில் மெஷின் போடாதீர்கள் என்று குடியிருப்பின் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்களாம். ஜப்பானில் குளியலறையை ஒட்டிய உடைமாற்றும் அறையில், ஒழுகினால் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் தட்டின் மேல் மெஷின் நிற்கும். குளித்த தொட்டியின் தண்ணீரைச் சிறு பம்பால் இழுத்து முதல் துவையலுக்குப் பயன்படுத்தும் வழக்கமும் உண்டு. ஆனால் எனக்கு அதிகம் பிடித்தது சுவீடனின் வழி. அங்கே 1920களிலிருந்தே அடுக்ககங்களில் பொதுச் சலவை அறைகள் வரத் தொடங்கின. வீட்டுக்கு வீடு மெஷின் இல்லை. கட்டடத்துக்கு ஓர் அறை, அதில் மெஷின்களும் உலர்த்தும் அறையும், சுவரில் முறைப் பட்டியலும். உன் முறையில் நான் புகுந்துவிட்டேன் என்று அங்கே நடக்கும் சண்டைகள் பிரசித்தம். சண்டை போடவும் ஒரு அறை இருக்கிறதே.

நம் பக்கத்துக்கென்று ஒரு தனிப் பாடமும் உண்டு. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஏரிக்கு அந்தப் பக்கம், அடையாற்றின் மேல்பகுதியில் இருக்கும் முடிச்சூரும் வரதராஜபுரமும் அதே நாட்களில் மூழ்கின. ஒரகடத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் பகுதிகள் அவை. தரைத்தள வீடுகளில் டிவியைப் பரணில் ஏற்ற முடிந்தது, 70 கிலோ மெஷினை ஏற்ற முடியவில்லை. அதிலும் வெள்ளம் எப்போதும் வாசல் வழியாக முதலில் வருவதில்லை. வெளிச்சாக்கடை நிரம்பியதும் குளியலறை வடிகால் வழியாகப் பின்னோக்கி ஏறுகிறது. மெஷினுக்கு வசதியென்று நாம் தேடிப் பிடித்த வடிகால் பக்கத்து மூலைதான் வீட்டிலேயே முதலில் நனையும். ஏரிப் பகுதியில் தரைத்தளத்தில் வீடு எடுப்பவர் இதை நினைவில் வைத்து மேடையை நான்கங்குலத்துக்குப் பதில் ஒன்றரை அடியாக உயர்த்தலாம். ஆற்றோரத்தில் அதுவும் போதாது.

இனி, சொந்த வீடும் அடுக்ககமும் இல்லாதவர்களின் பக்கம். இந்தத் தொழிற்பேட்டைகளில் வேலை செய்பவர்களில் பெரும் பகுதியினர் ஒற்றை அறையில் மூன்று பேர், நான்கு பேராகத் தங்குபவர்கள். நைட் ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் இறங்குபவருக்கு வெயில் ஏறும் நேரம் தூங்கும் நேரம். துணி காயும் நேரத்தில் அவர் தூங்குகிறார், அவர் விழித்திருக்கும் நேரத்தில் வெயில் இல்லை. நள்ளிரவில் மெஷின் போட்டால், அரைச் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் பகல் ஷிப்ட்காரர் தூங்குகிறார். ஷிப்ட் முறை வந்து கால் நூற்றாண்டாகியும் ஷிப்டுக்கேற்ற வீட்டை இங்கே யாரும் வரையவில்லை.

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவு நஞ்சாகி, பலர் மருத்துவமனைக்குப் போன பிறகு, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சாலை வாசலுக்கு வெளியே தொழிலாளி எப்படித் தூங்குகிறார், எதில் குளிக்கிறார் என்று நாடு அன்றுதான் கேட்டது. அதற்குப் பதிலாக வந்தவற்றில் ஒன்று, வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்துவைத்த பெண்கள் விடுதி. 13 கட்டடங்கள், 18,720 படுக்கைகள். நல்ல காரியம், பெரிய காரியம். இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு செட் துணி, அதற்கு ஒரு மீட்டர் கொடி என்றால் நாளொன்றுக்கு 18.7 கிலோமீட்டர் கொடி வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடத்துக்கு இருக்கும் சாலைத் தூரத்தைவிட அது அதிகம். படுக்கையை எண்ணித் திட்டம் போடும் துறைகள் கொடியையும் எண்ண வேண்டும். மழைக்காலத்தில் அந்தக் கொடிகளில் பாதி உபயோகப்படாது என்பதையும் சேர்த்து.

அடுத்த மாதமே, 2024 செப்டம்பர் 9 அன்று, சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சங்க அங்கீகாரம், ஊதியம், வேலை நேரம் கேட்டு 37 நாள் நடந்து அக்டோபர் 15இல் முடிந்தது. வாஷிங் மெஷின் செய்யும் கைகள் உலகச் செய்தியில் இடம்பெற்ற 37 நாட்கள் அவை. வேலை நேரம் பற்றிய பேச்சு தொழிற்சாலை கேட்டோடு நிற்பதை அப்போதும் கவனித்தேன். எட்டு மணி நேரத்துக்குப் பிறகு வீட்டில் சீருடையைத் துவைத்து, உலர்த்தி, நாளைக்குத் தயாராக்கும் நேரத்தை எந்த ஒப்பந்தமும் எண்ணுவதில்லை. சீருடையைக் கட்டாயமாக்கும் நிறுவனம் அதைத் துவைத்தும் கொடுக்கலாமே என்று கேட்டால் சிரிப்பார்கள். மருத்துவமனைகளும் பெரிய ஹோட்டல்களும் அதைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

என் யோசனை எளியது. பத்து வீடுகளுக்கு மேல் உள்ள ஒவ்வொரு வாடகைக் கட்டடத்திலும், ஒவ்வொரு தொழிலாளர் விடுதியிலும், மேல் மாடியில் ஓர் அறை. சம தரை, உயர்த்திய தொட்டி, இரண்டு மூன்று மெஷின்கள், அதை ஒட்டிக் கூரை போட்டு நான்கு பக்கமும் காற்றுக்குத் திறந்துவிட்ட ஓர் உலர்த்தும் தாழ்வாரம். பெண்கள் துணியை அச்சமோ கூச்சமோ இல்லாமல் விரிக்க ஒரு தடுப்பு. எந்த ஷிப்ட் முடிந்து வந்தாலும் மழை பெய்தாலும் துணி காயும். சிப்காட்டே நிலம் கொடுக்கும் விடுதிகளுக்கு இதை நிபந்தனையாக்க ஓர் அரசாணை போதும்.

தனியார் கட்டட உரிமையாளர்களிடம் பேசிப் பார்த்தால் அறையைப் பற்றியோ குழாயைப் பற்றியோ அவர்கள் மறுப்பு சொல்வதில்லை. மீட்டரில்தான் வந்து முட்டிக்கொள்கிறார்கள். தனி வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். பொதுப் பயன்பாட்டு இணைப்புக்கு அது கிடையாது. 2022 செப்டம்பர் கட்டண மாற்றத்தில் பொது இணைப்புக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆனது. பத்து வீடுகளுக்கு மேற்படாத, மூன்று மாடிக்குள் இருக்கும், லிப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும் 2023இல் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். பத்தாவது வீட்டுக்கு மேல் ஒரு வீடு சேர்ந்தாலும் அந்தச் சலுகை போய்விடும். பொதுச் சலவை அறை மிகவும் தேவைப்படும் கட்டடங்கள் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கின்றன. மின்வாரியமும் ஒழுங்குமுறை ஆணையமும் அடுத்த கட்டணத் திருத்தத்தில் அந்த ஒரு வரியைத் தொட்டால், மொட்டை மாடியில் மெஷினும் கொடியும் வைக்க இடம் விட மாட்டேன் என்று சொல்ல உரிமையாளருக்குக் காரணம் ஒன்று குறையும்.